இறந்தபின் மறைக்கல்விக்கு வந்த சீரில்

நவம்பரில் அடக்கம் செய்யப்பட்ட சீரில் தெவாக்டர், சாம்பல் புதனுக்கு அடுத்த புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு, வுல்வன்ஹூக் பங்கு மண்டபத்தில் பெரியவர்களுக்கான விசுவாச வகுப்பில் சேர்ந்தார். பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். கணப்புக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் கதவோரமாக உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சவப்பெட்டிக்குள் அவருக்குப் போட்டிருந்த அதே பழுப்புக் கோட்டு. காலணிகளில் ஈரக் களிமண் ஒட்டியிருந்தது. அந்த வாரம் கடலோரம் முழுக்க மழை, எல்லார் காலணியிலும் ஈரக் களிமண்தான், ஆகையால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வகுப்பை நடத்தியவள் அன்னெலோர். காலையில் கடற்கரைப் பேருந்து ஓட்டுவாள். மறைமாவட்டம் நடத்திய இரண்டு வருடப் படிப்பை முடித்திருந்ததால் மதியம் இந்த வேலை. எட்டுப் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள், ஒன்பது பேர் வந்திருந்ததில் அவளுக்குச் சந்தோஷம். புதியவரிடம் பெயரும் பிறந்த தேதியும் கேட்டாள். முகவரி கேட்டபோது சீரில், கல்லறைத் தோட்டம், ஏழாவது வரிசை என்றார். எழுதிக்கொண்டாள். ஆனால் அன்று மாலையே பங்குத் தந்தையிடம் போய், இறந்தவரைச் சேர்த்துக்கொள்ள விதி இருக்கிறதா என்று கேட்டாள். ஃபாதர் போனிஃபாஸ் காங்கோவிலிருந்து வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. எங்கள் ஊர் வழக்கம் ஏதாவது தனக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று எண்ணி ஆயர் இல்லத்துக்கு எழுதினார். இரண்டு வாரம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது. வகுப்பு வயதுவந்தோருக்கானது, மேற்படி நபர் வயதுவந்தவர், ஆட்சேபணை இல்லை.

ஊருக்கு வியப்பாக இருந்தது அவர் இறந்தவர் என்பதல்ல, அவர் சீரில் என்பதுதான். நாற்பத்து நான்கு வருடங்களாக அவர் கோயிலுக்குள் கால் வைத்ததில்லை. சொந்தச் சகோதரியின் திருமணத்துக்குக்கூட வாசலில் நின்று அரிசி தூவிவிட்டுப் போனவர். ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தால் எதிரே இருக்கும் மதுக்கடையில் உட்கார்ந்து புறாப் பந்தய முடிவுகளைப் படிப்பார். அவர் மனைவி சுல்மாவோ அதே நாற்பத்து நான்கு வருடங்களாக ஒரு நாள் பூசையைத் தவறவிட்டதில்லை. பூசை குறைந்துபோன பிறகும், இல்லாத நாட்களில் சாவி வாங்கிக் கோயிலைத் திறந்து, வடக்குப் பக்க ஆறாவது பெஞ்சில் அரை மணி நேரம் இருந்துவிட்டு வருவாள். அவளைப் புண்ணியவதி என்றார்கள். அவரைப் பற்றி அவள் காதுபட எதுவும் சொல்வதில்லை.

அந்தச் சுல்மாவும் வகுப்பில் இருந்தாள். அடக்கத்துக்குப் பிறகு அவளுக்கு ஜெபம் வரவில்லை. வாய் சொல்லும், உள்ளே ஒன்றும் அசையாது. ஃபாதரிடம் சொன்னபோது அவர்தான் வகுப்புக்குப் போய்ப் பார்க்கச் சொன்னார். அன்று மழையால் தாமதமாகி, குடையை உதறிக்கொண்டே உள்ளே நுழைந்தவள், கதவோரம் உட்கார்ந்திருந்த கணவனைப் பார்த்தாள். இடது காதுக்குக் கீழே வழக்கம்போல் மழிக்காமல் விட்ட நான்கு முடி இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தேகம் ஒன்றும் மிஞ்சவில்லை. எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள். மற்றவர்கள் கண்டுகொள்ளாததுபோல் புத்தகத்தைப் புரட்டினார்கள். கசாப்புக்கடை ஓடில் மட்டும், புறாப் பந்தயத்தில் முப்பது வருடம் சீரிலோடு மல்லுக்கட்டியவன் என்ற உரிமையில், வாயைத் திறந்தான்.

"ஏன்டா, உசுரோட இருக்கும்போது கையப் புடிச்சு இழுத்தாலும் வரமாட்ட. இப்ப காபி சும்மா குடுக்கிறாங்கன்னு தெரிஞ்சுபோச்சா?"

சீரில் சிரித்தார். காபியை வாங்கிக்கொண்டார். அவர் கை பட்டதும் கோப்பை ஆறிப்போயிற்று, அதை அப்படியே குடித்தார்.

வகுப்பு முடிந்ததும் சுல்மா அவர் பின்னாலேயே போனாள். அவர் வீட்டுப் பக்கம் திரும்பாமல் கல்லறைத் தோட்டத்துக் கதவைத் திறந்தார். வீடு பத்து நிமிட நடை.

"எல்லார் முகத்தையும் பார்த்துட்டுப் போற. வீடு ஒண்ணு இருக்குன்னு ஞாபகம் இல்லையா?" என்றாள்.

"வந்தா திரும்பிப் போக மனசு வராது, சுல்மா." குனிந்து காலைப் பார்த்து, "இந்த ஷூ கடிக்குது" என்றார்.

அடுத்த புதன் அவள் அவருடைய பழைய தோல் பூட்ஸைப் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். மண்டபத்திலேயே குனிந்து மாற்றிக்கொண்டார். அடக்கத்துக்கு வாங்கிய புது ஜோடியை அவள் எடுத்துப்போய், துடைத்து, வாசலில் வைத்தாள். ஆனாலும் அவளுக்குக் கோபம் தணியவில்லை. தன்னைப் பார்க்க வரவில்லை, பாடம் கேட்க வந்திருக்கிறார் என்பது, இறந்துபோனதைவிட அதிகமாக வலித்தது. இரவல் வாங்கிய மனிதரைப்போல் வாரம் இரண்டு மணி நேரம் அவரை எதிரே உட்காரவைத்துப் பார்ப்பதற்கு, பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொன்னாள். ஆனால் புதன்கிழமைகளில் தலைவாரிக்கொள்ள அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

சீரில் நல்ல மாணவர். பாடத்தை முன்கூட்டியே படித்து வருவார். எங்கே, எந்த வெளிச்சத்தில் படிக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. ஆபிரகாமைப் பற்றிய பாடத்தில், ஆண்டவரோடு பேரம் பேசலாமா என்று கேட்டார். பேசலாம், பேசியிருக்கிறார்கள் என்றாள் அன்னெலோர். அதைப் புத்தக ஓரத்தில் குறித்துக்கொண்டார். நான்காவது புதன் விசுவாசப் பிரமாணத்தின் கடைசி வரிகள் வந்தன. மரித்தோர் உயிர்ப்பு, வரவிருக்கும் வாழ்வு. அன்னெலோர் இரண்டு நாள் தயாரித்திருந்தாள், இருந்தும் அன்று அவள் கண் அடிக்கடி கதவோரம் போயிற்று. ஓடில்தான் கேட்டுவிட்டான். நேரில் போய்ப் பார்த்தவன் இங்கேயே இருக்கும்போது புத்தகம் எதற்கு, அவனே சொல்லட்டும் என்றான்.

"நான் உள்ள போகல" என்றார் சீரில். "வாசல்ல நிக்கிறேன்."

"சேத்துக்கலையா?" ஓடில் குரல் இறங்கிவிட்டது.

"கூப்பிட்டாங்க. ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. நான்தான் போகல."

பிறகு அவர் சொன்னதை இங்கே சுருக்கித்தான் எழுத முடியும். 1961 பிப்ரவரியில் சுல்மாவுக்கு ஒரு பெண் குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. அதற்குப் பிறகு அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஞானஸ்நானம் கொடுக்க வழியில்லாததால், அப்போதைய பங்குத் தந்தை, இதற்கு மோட்சத்தில் இடமில்லை, மந்திரித்த மண்ணிலும் இடமில்லை என்றார். சுல்மா காய்ச்சலோடு படுத்திருந்தாள். சீரில் மார்கரின் வெண்ணெய் வந்த மரப்பெட்டியில் குழந்தையை வைத்து, முதல் பூசைக்கு முன்பாக, கல்லறைத் தோட்ட வேலிக்கு வெளியே வடக்கு மூலையில் தாமே குழி தோண்டிப் புதைத்தார். அடையாளம் எதுவும் வைக்கக் கூடாது என்றிருந்தார்கள், வைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பல குடும்பங்களுக்கு இது நடந்திருக்கிறது. யாரும் பேசுவதில்லை.

"உள்ள போய்ப் பார்த்து, அங்க புள்ள இல்லைன்னா?" என்றார் சீரில். "உள்ள போனா வெளிய வர முடியாதாம். அதான் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். இடமில்லைன்னு சொன்னது இந்த ஊர்லதான். இங்கதான் பதில் சொல்லணும். எம் புள்ள எங்க?"

மழை நின்றிருந்தது.  அன்னெலோர் புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்தாள். 

"எனக்குத் தெரியாது, ஐயா" என்றாள். "இரக்கத்தை நம்பி ஒப்படைக்கிறோம்னு இப்ப சொல்லித் தர்றாங்க. நான் அதை நம்புறேன். ஆனா அன்னிக்கு உங்ககிட்ட சொன்னாரே, அவருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டார். அது தப்பு. அதை மட்டும் நிச்சயமா சொல்ல முடியும்."

சீரில் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு மனைவி பக்கம் திரும்பி, யாரையும் குறை சொல்லாத குரலில், நீ அவங்க பக்கம் போயிட்ட, அதையும் நான் கேக்கல, என்றார்.

சுல்மா எழுந்துவிட்டாள். வாழ்நாளில் பொது இடத்தில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

"அவங்க பக்கமா? ஆறாவது பெஞ்சுல உட்கார்ந்து பார்த்திருக்கியா நீ? அந்த ஜன்னல்ல ஒரு வண்ணக் கண்ணாடி யுத்தத்துல உடைஞ்சு, சாதா கண்ணாடி போட்டிருக்கு. அது வழியா வேலி தெரியும். வேலிக்கு அந்தப்பக்கம் அவ தெரிவா. மணியடிக்க வந்தப்ப உன்னைப் பார்த்த கோயில்பிள்ளைக்கு ஒரு முயலைக் கொடுத்து இடத்தைத் தெரிஞ்சுக்கிட்டேன், நீதான் வாயைத் திறக்கலையே. பூசைக்கா போனேன்? நாற்பத்து நாலு வருஷம் எம் புள்ளையப் பார்க்கப் போனேன்."

சீரிலின் தொப்பி மடியிலிருந்து விழுந்தது. அவர் எடுக்கவில்லை. சொல்லியிருக்கலாமே என்றார். நீயும் கேட்டிருக்கலாம் என்றாள் அவள். அவள் போய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் குளிர்ந்த கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். வகுப்பு அன்று பாதியில் முடிந்தது. ஓடில் எல்லாக் கோப்பைகளையும் கழுவினான். அதுவும் அதற்கு முன் நடந்ததில்லை.

ஃபாதர் போனிஃபாஸ் விஷயத்தைக் கேட்டுவிட்டு, இதற்கு ஆயர் இல்லத்துக்கு எழுதவில்லை. ஞாயிறு நடுப்பூசையில் பிரசங்கம் வைக்காமல் படிக்கட்டில் இறங்கி நின்று, தம் இடத்தில் முன்பு இருந்தவர் இந்தப் பங்கில் ஒரு தகப்பனிடம் சொன்ன சொல்லைத் தாம் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். உங்கள் பிள்ளைக்கு இடம் இல்லை என்று இனி இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள், சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். சீரில் கடைசி வரிசைக்குப் பின்னால் தூணோரம் நின்றிருந்தார். ஃபாதர் குழந்தையின் பெயரைக் கேட்டார். சீரில் உதட்டைப் பிதுக்கினார். பெயர் வைக்கக் கூடாது என்றுதானே சொல்லியிருந்தார்கள்.

"ஹில்டா" என்றாள் சுல்மா ஆறாவது பெஞ்சிலிருந்து. அன்றுவரை அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அதோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் நடுவரிசையில் எண்பது தாண்டிய ஒரு கிழவி ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து, யோசெப் என்றாள். பாடகர் பக்கமிருந்து ஒருத்தி, எங்கள் அம்மாவின் பிள்ளை, பெயர் தெரியாது என்றாள். ஓடில் எழுந்து, இரட்டையர், இரண்டும் பையன்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான். அவன் மனைவிக்கே அவன் அதைச் சொல்லப்போகிறான் என்று தெரியாது. எண்ணிப் பார்த்தால் பதினேழு பிள்ளைகள். பூசை முடிவதற்கு முன்பே எல்லாரும் தீர்த்தச் சொம்போடு வெளியே போய், இரண்டு பேர் வேலியைப் பிடுங்கிப் போட, வடக்கு மூலையை மந்திரித்தார்கள். சீரில் அந்த இடத்தை விரலால் காட்டினார். அங்கே முள்செடியும் காஞ்சொறியும் மண்டியிருந்தன. ஃபாதரின் அங்கி முழங்கால்வரை நனைந்துபோயிற்று.

அதன்பின் சீரில் உடனே போய்விடவில்லை. மீதி இரண்டு வகுப்புகளுக்கும் வந்தார். ஆரம்பித்ததை முடிக்காமல் போவது அவருக்குப் பழக்கமில்லை. கடைசிப் புதன் வகுப்பு முடிந்ததும் சுல்மாவோடு வீட்டுக்கு நடந்தார். பட்டாணி சூப் வைத்துக் கொடுத்தாள், இரண்டு தட்டு குடித்தார். புறாக்கூண்டில் ஒரு பலகை தளர்ந்திருந்ததை ஆணி அடித்துச் சரிசெய்தார். போக மனசு வராது என்றாரே, அது உண்மைதான். கதவுக்கும் மேசைக்கும் இடையே நான்கு முறை நடந்தார். கடைசியில் சுல்மாவே கோட்டை எடுத்து மாட்டிவிட்டு, பொத்தான் போட்டு, போய்ப் பாரு, அவ இருக்காளான்னு பாரு என்று அனுப்பிவைத்தாள். அந்த வசந்தத்தில் அவளுக்கு ஜெபம் திரும்பி வந்தது. முன்புபோல் இல்லை, குறைவான சொற்களில் வந்தது. ஆறாவது பெஞ்சுக்கு அவள் அதிகம் போகவில்லை. நேராகவே மூலைக்குப் போய்க் களை பிடுங்கினாள்.

அக்டோபரில் அடுத்த வகுப்பு தொடங்கியது. இந்தத் தடவை இருபத்தொரு பேர், நாற்காலி போதாமல் பாடகர்களுடையதை எடுத்துவந்தார்கள். மூன்று மணிக்குச் சற்று முன்பு கதவு திறந்து சீரில் வந்தார். உள்ளே போனால் வெளியே வர முடியாதாமே என்று கேட்டுக்கொண்டே ஓடில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தான்; பேரம் பேசினேன் என்றார் சீரில். அவருக்குப் பின்னால் நாற்பத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி, தலைக்கு மேலிருந்த கதவு நிலையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே உள்ளே வந்தாள். அவருடைய அகன்ற காதுகள், சுல்மாவின் சின்ன மோவாய். மூச்சே விடாத பிள்ளை எப்படி இவ்வளவு வளர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளைகள் என்றால் வளரத்தான் செய்யும். அன்னெலோர் இன்னொரு கோப்பையில் காபி ஊற்றினாள்.

சுல்மா எழுந்து நின்றாள். போய் அந்தப் பெண்ணின் கையைத் தொட்டுப் பார்த்தாள். சீரிலுடையதைப்போல் அது குளிர்ந்திருந்தது.

"குளிருதாம்மா?" என்றாள்.

"இல்லம்மா" என்றாள் அவள்.

இருந்தாலும் சுல்மா தன் கம்பளிச் சால்வையைக் கழற்றி அவள் தோளில் போட்டு, கழுத்துவரை இழுத்துவிட்டு, ஊக்கு மாட்டினாள். அன்றைய பாடம் ஐந்து நிமிடம் தாமதமாகத் தொடங்கியது.