ஏழு பத்து வருகை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதை இல்லை. ஒரு வலைப்பக்கத்துக்கு ஒரே ஒரு வரி. அது வர மறுக்கிறது. இது பாட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது.

2

முதல் தொடக்கம்: அத்தான் இறந்த பதினான்காம் மாதம், ஒரு மழை நாளில்

(மழை பெய்யவில்லை. விட்டுவிட்டேன்.)

இரண்டாவது: ஒன்பது வலைத்தளங்களுக்கு முன்னால் ஒரே சர்வர் நிற்கிறது. ரிவர்ஸ் ப்ராக்ஸி என்போம். அடுக்குமாடி வாட்ச்மேன் மாதிரிதான், வருகிறவர் சொல்லும் பெயரைக் கேட்டு உரிய வீட்டுக்கு அனுப்பும். பெயர் பட்டியலில் இல்லையென்றால் திருப்பி அனுப்பாது, முதல் வீட்டுக்கே அனுப்பிவிடும். பட்டியல் எழுதுவது நான். பத்து வருஷமாக இதுதான் பிழைப்பு.

3

அத்தானின் கடிகாரம் பழுதுபார்க்கும் கடைக்கும் அந்த ஒன்பதில் ஒரு தளம் இருந்தது. தினமும் காலை ஏழு பத்துக்கு ஒரே ஒரு வருகை. மற்றபடி ஈ காக்கை கிடையாது. ஏதோ தேடுபொறியின் இயந்திரம் மேய்கிறது என்று நினைத்து, போன வாரம் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டேன்.

இயந்திரம் இல்லை. என் அக்கா.

(இங்கே அவளை வர்ணித்து ஒரு பத்தி இருந்தது. பதினான்கு மாதமாக அவள் என்ன செய்கிறாள் என்றே தெரியாதவன், என்னத்தை வர்ணிப்பது?)

பக்கத்தின் தலையில் அத்தானே போட்ட வரி உண்டு: 'இன்று கடை உண்டு.' டீ ஆறுவதற்குள் அதைப் படித்துவிட்டுத்தான் அவளுக்கு மற்ற வேலை. மறுநாள் படிக்கப் போனவளுக்குப் பட்டியலின் முதல் வீடு திறந்தது. அது பலூன் கடை. 'வாங்க, கொண்டாடலாம்!'

முதல் வீட்டு விதியை எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறவன் நான். எனக்கே மறந்துபோனது.

போன் செய்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"கடைய வேற யாருக்கோ குடுத்துட்டியாடா?"

4

முதல் முடிவு: தளத்தைப் பழையபடி வைத்துவிடுகிறேன். கடை உண்டு. அக்கா சிரிக்கிறாள்.

இரண்டாம் முடிவு: 'கடை நிரந்தரமாக மூட

இரண்டையும் அவளே அடைத்துவிட்டாள். "மூடியாச்சுன்னு போடாத. தொறந்திருக்குன்னும் இனிமே வேண்டாம். நீதான் என்னென்னவோ எழுதுவியே, ஒரு வரி எழுது."

தளத்தை மீட்டுவிட்டேன். கடிகாரங்களின் படங்கள் அப்படியே இருக்கின்றன. தலையில் வரி இருந்த இடம் மட்டும் காலி. ஒரு வாரமாக எழுதி எழுதி அழிக்கிறேன். எனக்கு அத்தானைப் பிடிக்கும். அதனால்தானோ என்னவோ, எதை எழுதினாலும் பொய்யாகத் தெரிகிறது.

இப்போது மணி ஏழு ஐந்து. அக்கா டீயை ஆற்றிக்கொண்டிருப்பாள். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிப் போயிருந்தால், அந்த வரி உங்களுக்குத் தெரிந்திருக்கும். சொல்லுங்கள், இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது.