ஒன்பதும் ஆறும்

முப்பத்தொரு வருடம் ஓடுகிற ரயிலில் நடந்து டிக்கெட் பரிசோதித்த மனிதர், நின்றுகொண்டிருந்த ரயிலில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டார். யாரோ சிந்திவிட்டுப் போன பழச்சாறு. பார்க்க வந்தவர்களெல்லாம் ஆனைக்கும் அடி சறுக்கும் என்றார்கள். பதினோராவது ஆள் அதையே சொன்னபோது அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஆனைக்கு நாலு காலுங்க. ஒண்ணு போனாலும் மூணு மிச்சம்."

அதற்குப் பிறகு யாரும் ஆனையைக் கூட்டிக்கொண்டு வரவில்லை.

எலும்பு கூடியது. ஆனால் இடது கால் ஒரு விரல் அகலம் குட்டையாகிவிட்டது. அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஐந்து வாரம் கழித்து அவர்களுடைய டாக்டர் முன்னால் கைத்தடி இல்லாமல் இருபது மீட்டரை இருபத்தைந்து நொடிக்குள் நடந்து காட்ட வேண்டும். காட்டினால் மறுபடி ரயில். இல்லையென்றால் ஓய்வு பெறும்வரை, இன்னும் நான்கு வருடம், ஸ்டேஷன் கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வேண்டும்.

"மீன் தொட்டி" என்றார் அப்பா. கடிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். அன்று சாப்பிடவில்லை.

இந்த விபத்தில் இன்னொரு சேதமும் உண்டு. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய ஒரே மகளுக்கு வயது முப்பத்திரண்டு. பல் செட் செய்யும் கூடத்தில் காலை ஆறிலிருந்து இரண்டு வரை வேலை. எதை யோசித்தாலும் பென்சிலைக் கடிப்பாள் என்பதால் வீட்டில் அவளுக்குப் பெயர் எலி. இரண்டரைக்கு வீட்டுக்கு வந்தால் நாலு மணிவரை முன்னறை அவளுடையது. அங்கேதான் வீட்டின் ஒரே டிவி இருந்தது; அதன் அடியில் அவளைவிட வயதான ஒரு வீடியோ கேம் பெட்டி. அவள் அதில் விளையாடுவதில்லை. பாட்டுக் கட்டுவாள். இப்போது முன்னறை சோபாவில் அப்பா காலை நீட்டிப் படுத்திருந்தார்.

அந்தப் பெட்டிக்கு நாலே குரல். இரண்டு மூக்கால் பாடும். மூன்றாவது அடித்தொண்டையில் உறுமும். அதன் சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, உண்டு அல்லது இல்லை. நான்காவது பாடவே பாடாது, காய்ந்த கல்லில் தண்ணீர் பட்ட மாதிரி சீறும். அதைப் பொடிப்பொடியாக நறுக்கித்தான் மேளம் செய்துகொள்ள வேண்டும். ஐந்தாவது குரல் வேண்டுமானால் நாலில் ஒன்று வாயை மூட வேண்டும். எலிக்கு அந்த நெருக்கடிதான் பிடித்திருந்தது. பல் கட்டும் வேலையும் அப்படித்தான். வாய் எவ்வளவோ அவ்வளவுதான் இடம்.

"கொசுவுக்குப் பாட்டு வாத்தியாரா சேந்துட்டியா?" என்றார் அப்பா, முதல் நாள்.

"பிடிக்கலன்னா காதை மூடிக்கோங்கப்பா."

"காலுதான் கெட்டுப்போச்சு. காது நல்லா இருக்கு, அதான் கொடுமையே."

ஜன்னலோரம் பள்ளிச் சீருடைகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்த அம்மா தையல் மிதியை நிறுத்தாமலே சொன்னாள்: "நாலு மணிக்கு என் சீரியல். நாலு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பெட்டியத் தூக்கித் துணி ஊறவைக்கிற வாளியில போட்டுடுவேன்."

வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபிக்காரர் வருவார். நல்ல பிள்ளை. கையில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. அழுத்தினால் டக், டக் என்று அடிக்கும். அந்தச் சத்தத்துக்கு அப்பா அடியெடுத்து வைக்க வேண்டும். கட்டடத்தின் பொது நடைவழிதான் மைதானம். அளந்தால் சரியாக இருபத்திரண்டு மீட்டர். இரண்டு பக்கமும் அக்கம்பக்கத்தாரின் செருப்பு அலமாரிகள்.

"சமமா சார். ரெண்டு காலும் சமமா. சமமா…"

இரண்டாவது வாரமே அப்பா அவருக்குச் சமம் என்று பெயர் வைத்துவிட்டார். சமமாக நடக்கப் பார்த்தபோதெல்லாம் இடது கால் முந்திக்கொண்டது. அதை அடக்க அவர் நின்றார், நின்றதில் டக் போய்விட்டது, போன டக்கைப் பிடிக்க ஓடினார், சுவரைப் பிடித்தார். முப்பத்தொரு நொடி. இருபத்தொன்பது. முப்பது. ஒரு நாள் திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்தவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கிண்டலும் இல்லை, கேலியும் இல்லை. வாயாடி மனிதர் வாயை மூடினால் வீட்டில் விளக்கை அணைத்த மாதிரி இருக்கும்.

எலி பென்சிலை எடுத்தாள். கடித்தாள்.

"அப்பா, அந்த டக் டக்குக்கு மாடு கூட நடக்காது. நான் ஒண்ணு போடுறேன், அதுக்கு நடந்து பாருங்க."

"கொசுப் பாட்டா?"

"கொசுப் பாட்டுதான்."

மூன்று நாளில் ஒரு மெட்டு வந்தது. மூக்குக் குரல் இரண்டும் ஒன்றையொன்று வம்புக்கு இழுக்கும், உறுமல் அடியில் நடக்கும், சீறல் ஒவ்வொரு அடிக்கும் ஒரு தட்டுத் தட்டும். கதவைத் திறந்து டிவியை அலறவிட்டார்கள். அப்பா நடைவழியில் நடந்தார். இருபத்தாறு நொடி. எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "யாருக்குப் போன் அடிக்குது?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"ஒரு நொடிதான் அதிகம். கொஞ்சம் வேகமா வை" என்றார் அப்பா. கண்ணில் வெளிச்சம் வந்திருந்தது.

அங்கேதான் சிக்கல். திரையில் அந்தப் பாட்டு எண்கள் நிறைந்த வரிகளாக மேலிருந்து கீழே ஓடும். நாலு வரிக்கு ஓர் அடி. டிவி ஒரு நொடிக்கு ஐம்பது படம் வரையும். ஒரு வரி எத்தனை படத்துக்கு நிற்க வேண்டும் என்பதுதான் வேகம்; எண் குறைந்தால் பாட்டு ஓடும். எலி எட்டு வைத்திருந்தாள். ஏழு வைத்தாள். அப்பா ஆறாவது அடியிலேயே தடுமாறி எதிர்வீட்டுச் செருப்பு அலமாரியைக் கட்டிப்பிடித்தார்.

"ஏழு அதிகம், எட்டு கம்மி. நடுவுல வை."

"நடுவுல கிடையாதுப்பா. முழுப் படம்தான். ஏழரை வைக்க முடியாது."

"அது பெட்டியில வேற வைக்கணுமா? நம்ம வீட்டுக்குத்தான் ஏற்கெனவே பிடிச்சிருக்கே."

ஆனால் வழி உண்டு. ஒரு வரிக்கு எட்டு, அடுத்த வரிக்கு ஏழு என்று மாற்றி மாற்றி வைத்தால் சராசரி ஏழரை. காதுக்கு வித்தியாசமே தெரியாது. இந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டுகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். மறுநாள் எலி அதற்கு உட்கார்ந்தாள். ஒவ்வொரு வரியிலும் வேகத்துக்கான எண்ணை எழுத வேண்டும், அதுவும் கையளவுப் பலகையில் இரண்டே இரண்டு பொத்தானை வைத்துக்கொண்டு. மணி மூன்று ஐம்பத்தைந்து. அம்மா தையலை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள். தலைக்கு மேல் யமன் மாதிரி ஓர் ஆள் நின்றால் யாருக்குத்தான் கை ஓடும்?

எண்களைப் போட்டு முடித்துப் பாட்டை ஓடவிட்டாள். பாட்டு நொண்டியது.

டீ…ய், டி. டீ…ய், டி. ஓர் அடி இழுத்தது, அடுத்தது அவசரமாக ஓடிவந்து விழுந்தது. என்ன நடந்ததென்று அவளுக்கு உடனே புரிந்தது. வரிக்கு வரி மாற்ற வேண்டிய வேகத்தை அவசரத்தில் அடிக்கு அடி மாற்றியிருக்கிறாள். நாலு வரி முழுக்க எட்டு, அடுத்த நாலு வரி முழுக்க ஏழு. இந்த வேலையில் கத்துக்குட்டி கூடச் செய்யாத தப்பு.

"சீ" என்று நிறுத்தப் போனாள்.

"எலி. நிறுத்தாதே."

அப்பா சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பாதமும் தரையில். வலது பாதம் பதிந்து நின்றது, இடது சட்டென்று தட்டியது, மறுபடி வலது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாருடைய கால்களையோ பார்ப்பதுபோல. பிறகு எழுந்தார். கைத்தடியைத் தேடவில்லை. வாசலைத் தாண்டி நடைவழிக்குப் போனார்.

எலி கதவில் நின்று பார்த்தாள். முதல் தடவையாக அந்த இடது கால் முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. அது எப்போது வர விரும்பியதோ அப்போதே பாட்டும் வந்தது.

"இன்னும் கொஞ்சம் நொண்டட்டும்!" என்று கடைசியிலிருந்து கத்தினார். "என் அளவுக்கு நொண்டல!"

எட்டையும் ஏழையும் அழித்து ஒன்பதும் ஆறும் போட்டாள். கூட்டினால் அதே பதினைந்து. நல்ல காலுக்கு ஒன்பது, குட்டைக் காலுக்கு ஆறு. இதற்குள் மணி நாலு பதினொன்று. அம்மா வாளியைத் தேடவில்லை.

சமம் வந்தபோது மூன்று பேரும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். அவர் பாட்டைக் கேட்டு முகம் சுளித்தார்.

"சார், இது சமமா இல்லையே."

"தம்பி, காலே சமமா இல்ல. தாளம் மட்டும் சமமா இருந்து என்ன பண்ண? அந்தக் கடிகாரத்தை எடுங்க."

இருபத்து நாலரை. சமம் கடிகாரத்தைக் காதில் வைத்துக் குலுக்கிப் பார்த்தார். இன்னொரு தடவை நடக்கச் சொன்னார். இருபத்து நாலு. தீப்பெட்டிக் கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இந்தப் பாட்டை என் போனுக்கு அனுப்புவீங்களா? இன்னொருத்தருக்கு வேணும்" என்றார் எலியிடம். அவள் வாழ்க்கையில் அவளுடைய பாட்டைக் கேட்டு வாங்கிய முதல் ஆள்.

ஒரே ஒரு நிபந்தனைதான். வலது காலில் தொடங்க வேண்டும். இடதில் தொடங்கினால் ஒன்பதும் ஆறும் இடம் மாறி, வண்டி பள்ளத்தில் இறங்கிவிடும்.

சோதனை நாளன்று அலுவலக மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் தரையில் ஒட்டுநாடா போட்டுக் காத்திருந்தார்கள். டாக்டரம்மா கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். எலி போனில் பாட்டைத் தயாராக வைத்திருந்தாள்.

"அதெல்லாம் கூடாது. அணைங்க" என்றார் டாக்டரம்மா. "ரயில்ல உங்களுக்கு யாரு பாட்டுப் போடுவா?"

நியாயமான கேள்வி. அப்பாவின் காதோரம் வியர்த்தது. நாடாவின் மேல் நின்றார், "நடங்க" என்றதும் இடது காலை எடுத்து வைத்தார்.

பாதி தூரத்தில் அவர் சுவரைத் தேடிக் கை நீட்டினார், பிறகு கையை இழுத்துக்கொண்டார். இருபத்தெட்டு.

"மொத்தம் மூணு வாய்ப்பு. இன்னும் ரெண்டு இருக்கு."

அப்பா திரும்பி வந்து நின்றார். மீன் தொட்டிக்குள் பாதி இறங்கிவிட்ட முகம். அப்போது பெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டீ…ய், டி. டீ…ய், டி. மூக்கால். அம்மா கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு, எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தபடி பாடிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒரு பாதம், அங்கே இல்லாத தையல் மிதியை மிதித்துக்கொண்டிருந்தது. கடைசி இரண்டு வாரமாக அவள் தைத்த சீருடை ஓரமெல்லாம் இதே தாளத்தில்தான் ஓடியிருக்கிறது, அவளுக்கே தெரியாமல். எலி அடித்தொண்டையில் உறுமலைப் பிடித்தாள். முப்பத்திரண்டு வயதுப் பெண் ஒரு மருத்துவமனையில் உறுமுவது அழகான காட்சி இல்லை. தாதி ஒருத்தி மருந்துத் தட்டோடு நின்றுவிட்டாள்.

அப்பா வலது காலில் தொடங்கினார்.

"இருபத்து நாலு" என்றார் டாக்டரம்மா. கண்ணாடியை எடுத்து மாட்டினார். "நல்லாத்தான் இருக்கு. தினமும் இந்தம்மாவும் ரயில்ல கூட வருவாங்களா?"

"ஐயோ, அதுக்கு மீன் தொட்டியே தேவலைங்க" என்றார் அப்பா.

"வீட்டுக்கு வாங்க, உங்களுக்கு இருக்கு" என்றாள் அம்மா.

"கடைசி வாய்ப்பு. இதைத்தான் எழுதுவேன். எல்லாரும் வாயை மூடுங்க."

மூடினார்கள். நடைவழியில் எங்கோ ஒரு குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும். அப்பா கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார். வலது கால். எலி காலைப் பார்க்கவில்லை. கீழே குனிந்து கேட்டாள். செருப்புச் சத்தம். ஒன்பது. ஆறு. ஒன்பது. ஆறு. மேலே மூக்குக் குரல்கள் இல்லை, உறுமல் இல்லை, நாலில் மூன்று வாயை மூடிவிட்டன, ஆனால் பாட்டு போய்க்கொண்டிருந்தது. தாதியின் தட்டில் மருந்துப் புட்டிகள் மெல்ல ஆடின; அவளும் ஒரு காலில் சாய்ந்து சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"இருபத்து மூணே முக்கால்."

அப்பா அடுத்த நாடாவைத் தாண்டியும் நிற்கவில்லை. மாடிப்படிவரை போய்விட்டார். அங்கே நின்றிருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம், "டிக்கெட்?" என்று கையை நீட்டினார். அந்த மனிதர் பதறிப்போய்ச் சட்டைப்பையைத் துழாவினார்.

வேலையில் சேர்ந்த முதல் நாள் மூன்றரைக்கு வீடு திரும்பினார். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"எலி, ஒரு குறை இருக்கு. வண்டியும் ஒரு தாளம் போடுது. அது ஒரு பக்கம் இழுக்குது, என் காலு ஒரு பக்கம் இழுக்குது. நாலாவது பெட்டியில ஒரு குழந்தை என்னைப் பாத்துச் சிரிக்குது."

"எப்படிப் போடுது? தட்டிக் காட்டுங்க."

அவர் சோபாக் கையில் தட்டினார். எலி ஏற்கெனவே பெட்டியைப் போட்டுவிட்டாள், பென்சில் வாயில்.

"ரெண்டு ரெண்டா வருதா, மூணு மூணா வருதா?"

"அதான் தெரியல. ரெண்டு மாதிரியும் இருக்கு…"

தையல் மிதி நின்றது.

"மூணு" என்றாள் அம்மா. "எனக்கே கேக்குது, உங்க ரெண்டு பேருக்கும் கேக்கலையா? சீக்கிரம் போட்டு முடி. நாலு மணிக்கு என் சீரியல்."