திமிங்கலம் தெரியும் சொந்த ஊர்

சொந்த ஊர் எது என்று கேட்டால் யாருக்கும் பதில் சொல்ல ஒரு நிமிஷம் போதும். என் வீட்டுக்காரருக்குப் பதினோரு நாள் ஆயிற்று.

அவர் பெயர் சுந்தரேசன். பெங்களூரில் மத்திய சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. 1958-ம் வருஷத் தொடக்கத்தில் ஆபீஸில் ஒரு படிவம் கொடுத்தார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போய்வர ரயில் சார்ஜில் பெரும்பங்கைச் சர்க்காரே கொடுக்குமாம். அதற்கு ஊர் எது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதினால் எழுதியதுதான், நினைத்தபோதெல்லாம் மாற்ற முடியாது.

ஆபீஸில் எல்லோருக்கும் ஊர் இருந்தது. ஒருவருக்குக் கும்பகோணம், ஒருவருக்குப் பாலக்காடு, ஒருவருக்கு உடுப்பி. எங்களுக்கு பெங்களூருக்குள்ளேயே இருக்கிற அல்சூர்தான். இவருடைய கொள்ளுத்தாத்தா மைசூர் சர்க்காரில் வேலைக்கு வந்தவர். எங்கிருந்து வந்தார் என்று எழுதிவைக்க அவருக்குத் தோன்றவில்லை. பால்காரனிடம் கன்னடம், வீட்டில் தமிழ், சாயங்காலம் ஏரிக்கரை என்று மூன்று தலைமுறை ஓடிவிட்டது. ஆபீஸுக்கு நடந்தே போகிறவனை அவன் ஊருக்கு அனுப்பிவைக்க எந்த ரயில் இருக்கிறது?

"அல்சூர்னே எழுதிடறேன் பாகீ. அதுதானே நிஜம்" என்றார். ஆபீஸ் குண்டூசி தவறிச் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்தால், மறுநாள் மறக்காமல் கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிற மனுஷர் இவர்.

"கடல் இருக்கற ஊரா எழுதுங்கோ" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். காரணம் கேட்கவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அந்தக் காரணத்தை நூறு தடவையாவது கேட்டிருப்பார்.

எனக்கு எட்டு வயசில் அப்பா மெட்ராஸ் கூட்டிப்போனார். எழும்பூர் மியூசியத்தை அந்த ஊர் ஜனங்கள் செத்த காலேஜ் என்பார்கள். அங்கே ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடு இருந்தது. அதன் விலா எலும்புகளுக்குக் கீழே நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தேன். எங்கள் வீட்டு ஓட்டுக்கூரை மாதிரி இருந்தது. "அப்பா, இதை உயிரோட எங்கே காட்டுவா?" என்று கேட்டேன். அப்பா பட்டாணி வாங்கிக் கொடுத்தார். அன்று தொடங்கிய ஆசை. குழந்தை குட்டி இல்லாத வீட்டில் ஆசைக்கு இடம் நிறைய. அது பாட்டுக்கு வளர்ந்தது.

அந்த வாரம் பேப்பரில் ஒரு மூலையில் நாலு வரி வந்திருந்தது. திருச்செந்தூருக்குத் தெற்கே புன்னைத்துறை என்ற கடற்கரை ஊரில், மாசி மாதம் கடலுக்குள் போகிறவர்கள் கண்ணில் திமிங்கலம் படுகிறது என்று. நான் அதைக் கத்தரித்து அவர் சட்டைப் பையில் வைத்தேன். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் மறுத்திருப்பார்.

பதினோராம் நாள் சாயங்காலம் வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல், "புன்னைத்துறைன்னு எழுதிட்டேன்" என்றார். முகம் வெளுத்திருந்தது. "விலாசம் கேட்டா. நம்பர் மூணு, அக்ரஹாரத் தெருன்னு எழுதினேன்."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. காபி போட்டுக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் வந்த பத்து மாதம் போல ஒரு காலம் என் ஆயுளில் இல்லை. அவர் ரயில்வே கைடு வாங்கிவந்தார். நான் கப்பன் பார்க் லைப்ரரியில் உட்கார்ந்து விலங்குகளைப் பற்றிப் படித்தேன். பழைய காலண்டரின் முதுகில் வழி போட்டோம். பெங்களூரிலிருந்து மதுரை. மதுரையிலிருந்து பஸ்ஸில் தேக்கடி. அங்கே ஏரியில் படகு உண்டு. யானைகள் கரைக்கு வந்து தண்ணீர் குடிக்கும், சில சமயம் நீந்தியே அக்கரைக்குப் போகும். தும்பிக்கையை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நீந்துமாம். அப்புறம் குற்றாலத்துக் குரங்குகள், தாமிரபரணிக் குளங்களில் வெளியூர்ப் பறவைகள். கடைசியில் கடல்.

சாயங்காலம் ஏரிக்கரையில் உட்கார்ந்தால் என் கண்ணுக்கு அல்சூர் ஏரி தெரியாது. சோமேசுவரர் கோவில் மணி எங்கேயோ கேட்கும், தண்ணீர் நிறம் மாறும், நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்பேன். புன்னைத்துறை வீட்டுக்கு நீல ஜன்னல் வைத்தேன். வாசலில் இரண்டு புன்னை மரம். பூ உதிர்ந்த மணலில் காலை நீட்டி உட்கார்ந்தால் எதிரே கடல், கடலின் நடுவே வெள்ளையாக ஒரு மூச்சு. அவர் தலையை ஆட்டுவார். "அந்த ஜன்னலுக்குக் கம்பி உண்டா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கடல் ஒத்துக்கொள்ள வேண்டுமே என்று, ஏரியில் மீன் பிடிக்கும் சின்னப்பாவைக் கெஞ்சி அவனுடைய பரிசலில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். தலை சுற்றவே இல்லை. "அம்மாவுக்குக் கப்பல் சரிப்படும்" என்று சின்னப்பாவும் சொல்லிவிட்டான். நான் அன்றைக்குச் சமையல் செய்யும்போதுகூடக் கொஞ்சம் ஆடி ஆடித்தான் நடந்தேன்.

மாசிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் யாரோ வந்து நின்றார். நல்ல உயரம், கறுத்த முகம், கையில் பனை ஓலையில் முடைந்த சின்னக் கொட்டான்.

"சுந்தரேசன் சார் வீடுதானே? நான் ஆம்ப்ரோஸ். திருச்சியிலேருந்து மாற்றலாகி உங்க ஆபீஸுக்கு வந்திருக்கேன். விவேக்நகர்ல இருக்கேன். சார் ஃபாரத்தை என் மேசையில பாத்தேன். நம்மூர்க்காரர் ஒருத்தர் பெங்களூர்ல இருக்காருன்னு நேத்து பூரா எனக்குத் தூக்கமே வரலை" என்றார். கொட்டானை என்னிடம் நீட்டினார். "நம்மூர்க் கருப்பட்டி."

உள்ளே இருந்து வந்த என் வீட்டுக்காரர் அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஆம்ப்ரோஸை உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தவர் என்னைப் பார்த்து, "வீடு எப்படிம்மா இருக்கும்? வாசல்லேருந்து என்ன தெரியும்?" என்று கேட்டார்.

சொன்னேன். என்னிடமா கேட்க வேண்டும்? நீல ஜன்னலைச் சொன்னேன், புன்னை மரங்களைச் சொன்னேன், காலுக்கடியில் பூ நெறிபடுவதைச் சொன்னேன். கடலில் எழும்பும் வெள்ளை மூச்சைச் சொன்னேன். பேசப் பேச எனக்குப் பயம்கூட மறந்துவிட்டது. ஆம்ப்ரோஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"எல்லாம் சரியா இருக்கும்மா" என்றார். "ஆனா எங்க ஊர்ல அக்ரஹாரம் கிடையாது. இருநூறு வீடு. எல்லாம் கடலுக்குப் போற சனம், எல்லாம் வேதக்காரங்க. ஒரே கோயில், அதுல மாதா. இப்படி ஒரு தெரு எந்தப் பக்கம் இருக்குன்னு நானும் நேத்துலேருந்து யோசிச்சுப் பாக்கேன்."

அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"நான் பொய் எழுதிட்டேன் சார்" என்றார் என் வீட்டுக்காரர். "இவ திமிங்கலம் பாக்கணும்னா."

ஆம்ப்ரோஸ் எழுந்து அவர் தோளில் கை வைத்தார். "என் வாயிலேருந்து வராது சார். மேசைக்கு வந்த ஃபாரம், அது பாட்டுக்குப் போகட்டும். போய்ட்டு வாங்க. என் அக்கா ஜோசஃபின் அங்கதான் இருக்கா." கருப்பட்டிக் கொட்டானை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவருக்கு வரவில்லை. அன்று சாப்பிடவில்லை. திங்கட்கிழமை காலையில் மேலதிகாரி ஸ்ரீகண்டன் முன்னால் போய் நின்று, தான் எழுதியது பொய் என்று தானாகவே சொல்லிவிட்டார். ஸ்ரீகண்டன் நல்லவர். எச்சரிக்கைக் கடிதம் ஒன்றோடு விட்டுவிட்டார். படிவத்தில் புன்னைத்துறையை அடித்து, சிவப்பு மசியில் பெங்களூர் என்று எழுதினார்கள். இனி ஆயுசுக்கும் எங்களுக்குச் சர்க்கார் செலவில் பிரயாணம் இல்லை.

நான் நாலு நாள் அவரோடு பேசவில்லை. ஆம்ப்ரோஸே தன் வாயிலிருந்து வராது என்று சொல்லியிருக்கிறார், இவருக்கு என்ன வந்தது? காலண்டரை மடித்து அரிசி டின்னுக்கு அடியில் போட்டேன். அழுதேன். திமிங்கலத்துக்காக அழுதேனா, நீல ஜன்னலுக்காக அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் வந்தவர் செருப்பைக் கழற்றவில்லை. டின்னுக்கு அடியிலிருந்து காலண்டரை எடுத்து என் முன்னால் விரித்தார். "நம்ம கைக்காசுல போலாம் பாகீ. ரெண்டுக்கும் கட்டாது. யானையா, திமிங்கலமா, நீயே சொல்லு" என்றார். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் யானையைக் கை கழுவினேன். அந்த நீந்தும் தும்பிக்கைக்கு மட்டும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மாசி மாதம் புன்னைத்துறைக்குப் போய்ச் சேர்ந்தோம். பஸ் நின்ற இடத்தில் ஆம்ப்ரோஸ் எழுதிய கடிதத்தோடு ஒரு அம்மாள் காத்திருந்தாள். கூட நின்ற பெண்களிடம், "எங்க ஆம்ப்ரோஸ் ஊர்க்காரங்க வந்துட்டாங்க" என்றாள். அவள்தான் ஜோசஃபின். தம்பியைப் பார்த்து ஆறு வருஷமாம். அவன் சாப்பிடுகிறானா, இளைத்திருக்கிறானா என்று எங்களை விடாமல் கேட்டாள். என் வீட்டுக்காரர் தெரிந்ததை மட்டும் சொன்னார். அவள் வீட்டு ஜன்னலுக்கு நீலமும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் பலகை. வாசலில் ஒரே ஒரு புன்னை. ஆனால் பூ உதிர்ந்து கிடந்தது.

மூன்றாம் நாள் விடியற்காலையில் ஜோசஃபினின் புருஷன் எங்களை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனார். கரை ஒரு கோடாகித் தேயும்வரை எனக்கு ஒன்றும் இல்லை. அப்புறம் கடல் தன் வேலையைக் காட்டியது. சின்னப்பாவின் பரிசலையும் அவன் கொடுத்த சர்டிபிகேட்டையும் சபித்துக்கொண்டே வள்ளத்தின் இடது பக்கம் குனிந்து வாந்தி எடுத்தேன். கண் முழுக்கத் தண்ணீர். குடல் வெளியே வந்துவிடும் போலிருந்தது.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் அது மூச்சு விட்டது.

அந்தச் சத்தம் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. ஒரு கட்டிடமே பெருமூச்சு விடுகிற மாதிரி. "பாகீ" என்று இவர் கூப்பிட்டதும் கேட்டது. தலையைத் தூக்க முடியவில்லை. தூக்கித் திரும்பிப் பார்க்கும்போது வலது பக்கக் கடலில் ஒரு வட்டம் மட்டும் இருந்தது. சுற்றிலும் அலை, அந்த வட்டம் மட்டும் எண்ணெய் தேய்த்த மாதிரி வழவழவென்று. "முங்கிட்டு, அது போன தடம் அதுதான்" என்றார் ஜோசஃபினின் புருஷன். உச்சி வெயில்வரை காத்திருந்தோம். திரும்ப வரவில்லை.

நான் திமிங்கலம் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். ஆனால் பக்கத்தில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

திரும்பும் ரயிலில் நான் ஜன்னலோரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதுரை தாண்டியதும் அவராகப் பேச ஆரம்பித்தார். பத்து வருஷத்தில் ஒரு தடவையில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷர். முதலில் தண்ணீர் கறுத்தது என்றார். அப்புறம் முதுகு வந்தது, நம் கூடத்து நீளம், ஈரப் பலகைக் கறுப்பு. மூச்சு முன்னால் சாய்ந்து எழும்பியது, அதில் ஒரு நொடி வானவில் தெரிந்தது. பழைய மீன் நாற்றம். முதுகில் தழும்பு மாதிரி மூன்று வெள்ளைக் கோடுகள். வால் தெரியவில்லை.

"வால் தெரியலையா?" என்றேன். எனக்கு வால்தான் வேண்டியிருந்தது.

"தெரியலை பாகீ."

இன்றும் ஏரிக்கரையில் வெளிச்சம் மங்கும் நேரம் நான் கேட்பேன், அவர் சொல்வார். பக்கத்தில் சில நாள் ஆம்ப்ரோஸும் உட்கார்ந்து கேட்பார். அந்த வருஷமே லீவு போட்டு அக்காவைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். இத்தனை வருஷமாகச் சொல்லியும் அந்தத் திமிங்கலம் ஒரு முழம்கூட நீளவில்லை. கோடுகள் மூன்றுதான். வால் ஒரு நாளும் வந்ததில்லை. அதனால்தான் அதை நானே பார்த்ததாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.