எடைக்கு எடை வெல்லம்

எண்பத்தொன்றாம் வருஷம், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியோடு ஆந்திராவுக்கு வேலைக்குப் போன இடத்தில், அர்த்தநாரியின் முதுகில் இரும்புக் குழாய் சரிந்து விழுந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. உயிர் தங்கினால் வருஷா வருஷம் அவன் எடைக்கு எடை வெல்லம் தருவதாக மனைவி வசந்தாமணி குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டாள். உயிர் தங்கியது. ஆனால் அன்று பிடித்த பயம் அவளை விடவில்லை. அவன் தும்மினால் இவள் திருநீறு எடுக்க ஓடுவாள்.

எண்பத்துநாலு மாசியில் டாக்டர் கந்தவேல் திருச்செங்கோட்டில் அவர்கள் வீட்டுக்கு வந்தார். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு உடம்பு ஏன் பெருக்கிறது, சர்க்கரை ஏன் வருகிறது என்று வீடு வீடாக ஆராய்கிறவர். எடை பார்க்கும் மிஷினையும் மெனக்கெட்டுத் தூக்கிவந்திருந்தார். நிற்கவே முடியாதவனை அதில் எப்படி நிறுத்துவது?

"எடை எனக்கே தெரியுமுங்க," என்றாள் வசந்தாமணி. "கோயில் தராசுல மொத வருசம் அம்பத்திரண்டு கிலோங்க. அடுத்து அறுவத்தஞ்சு. இந்தத் தையில எம்பத்தொண்ணு. நல்லாத் தேறிட்டாருங்க."

எந்த ஆஸ்பத்திரியிலும் கிடைக்காத கணக்கு. ஆவலாக எழுதிக்கொண்டே வந்தவர் மூன்றாவது எண்ணில் நிறுத்தினார். "என்னம்மா சாப்புடறாரு?"

"சாமிக்கு வெச்ச வெல்லத்துல பாதி பிரசாதமாத் திரும்பி வருமுங்க. அவரு எடைக்கு நிறுத்தது, அவருதானுங்களே திங்கோணும்? தெனம் எலுமிச்சங்காயாட்ட ரெண்டு உருண்டை, நெய் ஊத்தி."

டாக்டர் கண்ணாடிக் குழாயில் சர்க்கரை பார்க்கும் நீல மருந்தை ஊற்றி, அர்த்தநாரியின் சிறுநீரில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் நின்றது. என்னவென்று புரியாமல் வசந்தாமணி டாக்டர் முகத்தைப் பார்த்தாள்.

"இது தேறுன ஒடம்பில்லம்மா. அசையாத காலுல சதை கரைஞ்சு கொழுப்பு சேருது. சர்க்கரை ஏறிக் கெடக்குது. இனி ஒரு புண்ணு வந்தாக்கூட ஆறாது. வெல்லத்த நிறுத்து, சோத்தப் பாதியாக்கு. இல்லீன்னா ஆளு தங்க மாட்டாரு."

வெல்லம் கொடுத்தால் அவன் போய்விடுவான். பிரசாதத்தை மறுத்தால் சாமி கோபிக்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, வெல்லத்தை நிறுத்தி, வருஷம் முழுக்க அரைவயிறு பரிமாறினாள். "பட்டினி போட்டுக் கொல்றயா?" என்று அவன் கேட்டபோதெல்லாம் அடுப்படியில் நின்று அழுதாள்.

அடுத்த தையில் போன வருஷக் கணக்குப்படி எண்பத்தொரு கிலோ வெல்லத்தோடு கோயிலுக்குப் போனார்கள். அவனைத் தராசில் உட்கார வைத்தார்கள். வெல்லத்தட்டு தரையிலேயே கிடக்க, அவன் தட்டு மேலே தொங்கியது. இரண்டும் சமமாக நின்றால்தான் வேண்டுதல் சேரும்.

"இளைச்சுட்டானே," என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். சாமிக்கு வைத்ததைத் திருப்பி எடுக்கப் பூசாரிக்கே கை வரவில்லை.

வசந்தாமணி போய், கிலோ கிலோவாக இருந்த உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒவ்வொன்றையும் கண்ணில் ஒற்றிக் கீழே வைத்தாள். பதினோராவதை எடுத்ததும் அவன் தட்டு மெல்ல இறங்கி, அவன் முகம் அவள் முகத்துக்கு நேராக வந்தது.

"மன்னிச்சுக்க சாமி," என்றாள். அவனிடமா, தெய்வத்திடமா என்று யாரும் கேட்கவில்லை.