பாதி ஜன்னல்

சகலை கொடுத்த படத்தில் இரண்டு பக்கமும் நூற்றைம்பது சதுர அடி என்றிருந்தது. அந்தச் சரிபாதிதான் அவனை உறுத்தியது.

மாமனார் விட்டுப்போன வீடு. பெண்கள் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. இளையவள், அவன் மனைவி, போன வருடம் இறந்துபோனாள். அவள் பங்கு இனி அவர்கள் மகள் பாப்பாவுக்கு. பின்னறைகளைப் பிரித்தாயிற்று. முன்கூடம்தான் மிச்சம். தெரு வளைவில் இருப்பதால் அதன் ஒரு சுவர் கோணலாக ஓடும். டேப் பிடித்து அளந்தால் தலைதான் சுற்றும். நடுவே எழுப்பப்போகிற சுவருக்குப் படம் போட்டது மூத்தவளின் புருஷனான இந்தச் சகலை. கம்ப்யூட்டரில் கட்டடப் படம் வரைவதே அவர் பிழைப்பு. கட்சிக்காரரும் அவரே, நீதிபதியும் அவரே.

"பாத்துட்டுச் சொல்றேன்" என்று இழுத்தடித்துவிட்டு, மருந்துக்கடை வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரில் கட்டடப் படம் வரையும் வகுப்பில் போய்ச் சேர்ந்தான்.

"சும்மா, பொழுது போகணுமே அண்ணி."

மூத்தவளான அண்ணிக்குப் பாவமாக இருந்தது. சகலை மட்டும் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

முதலில் மேலிருந்து பார்க்கும் தோற்றம். அதன் மூலைகளிலிருந்து கோடு இழுத்து, முன் தோற்றம். கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் இருப்பதைத் துண்டு துண்டான கோட்டால் காட்ட வேண்டும் என்று ஆசிரியை சொன்னபோது, அவனுக்குச் சகலையின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

பரப்பளவு பார்க்கக் கற்றுக்கொண்ட அன்று, சகலையின் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தான். மூலை மூலையாகச் சொடுக்கினான். ஒரு பக்கம் நூற்று முப்பத்தைந்து. மறுபக்கம் நூற்று அறுபத்தைந்து. நூற்றைம்பது என்பது வெறுமனே தட்டச்சு செய்து ஒட்டியது.

பிடித்துவிட்டான். ஆனால் கூடுதல் இருந்தது பாப்பா பக்கம்.

யாராவது சும்மா கொடுப்பானா? நாளைக்கு 'இடத்தை அமுக்கிட்டான்' என்று நாலு பேரைக் கூட்டி அவன் மேல் பழி போடவா? சகலையைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினான்.

"என்ன வேலைண்ணே இது?"

சகலை சமையலறைப் பக்கம் பார்த்தார். "மெதுவாப் பேசு. உங்க அண்ணி காதுல விழுந்தா, இந்தச் சுவரை என் நெஞ்சு மேல கட்டிருவா."

"அப்ப தெரிஞ்சேதான் செஞ்சிருக்கீங்க."

"சரிபாதியா நீயே ஒரு சுவர் போடு. அப்படியே முன் தோற்றத்துக்கு இழு."

போட்டான். இழுத்தான். கோடு தெருப்பக்கம் இருந்த ஒரே ஜன்னலை நட்டநடுவில் பிளந்தது.

"பாதி ஜன்னலை வச்சுக்கிட்டு யாரு என்ன பண்றது? எங்களுக்குப் பின்னால ரெண்டு இருக்கு. இது முழுசா பாப்பாவுக்கு இருக்கட்டும்னு சுவரைத் தள்ளிட்டேன்."

அவன் தான் போட்ட கோட்டை அழித்தான்.

"என்னைப் பிடிக்கத்தானே கிளாஸுக்குப் போனே?"

"ஆமாண்ணே."

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க."

கையைத் துடைத்துக்கொண்டே அண்ணி வந்தாள். "ரெண்டு பேருக்கும் என்ன குசுகுசு? அளவெல்லாம் சரியா இருக்கா தம்பி?"

"சரியா இருக்கு அண்ணி. ரெண்டும் நூத்தம்பது."

அண்ணி அவன் முகத்தைப் பார்த்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். நேற்றுவரை முகம் கொடுத்துப் பேசாதவர்கள் இவர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"ஏன் தம்பி, அந்தக் கிளாஸ்ல என்னையும் சேத்துப்பாங்களா?"