பத்துக்கு ஒன்பது

“ஒத்தக் கால்ல நின்னா வெயிட்டு பாதியா ஆய்டுமா, அத்தே?”

ஆறு வயது ஏஞ்சல் இதைக் கேட்டது காக்களூரில், குணசுந்தரியின் காயலான் கடையில், இரும்பு நிறுக்கும் தராசின் மேல் நின்றுகொண்டு. குணசுந்தரி கையிலிருந்த வேலையை வைத்துவிட்டுப் பிள்ளையை நிற்க வைத்துப் பார்த்தாள். இரண்டு காலிலும் பதினாறு. ஒற்றைக் காலிலும் பதினாறு. தூக்கிய காலைப் பக்கத்தில் தராசின் உயரத்துக்கு இருந்த பேப்பர்க் கட்டில் ஊன்றியதும் எண் எட்டுக்கு இறங்கியது.

மகளை அழைத்துப் போக வந்த அதே தெருக்காரன் லோகு, வாசலில் ஊன்றுகோல்களோடு நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்படப் பட்டறையில் வேலை செய்தவன். மூன்று மாதம் முன்பு இரும்புப் பெட்டி சரிந்து வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்தது. உள்ளே ராடு வைத்தார்கள். எலும்பு ஒட்ட வேண்டுமென்றால் அதன் மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் ஏற வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி தரும் மேடம் சொல்லியிருந்தார். முதலில் பதினைந்து கிலோ, பிறகு முப்பது, பிறகு நாற்பத்தைந்து. குறைந்தால் எலும்பு தூங்கிவிடும், கூடினால் விலகிவிடும். ஆனால் பதினைந்து கிலோ என்றால் எவ்வளவு என்று காலுக்கு எப்படித் தெரியும்? குத்துமதிப்பாக ஊன்றிக்கொண்டிருந்தான். ஒன்றாம் தேதி கோல் இல்லாமல் நடந்து வந்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று காண்ட்ராக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் முதல் தினமும் காலையில் வந்தான். நல்ல கால் பேப்பர்க் கட்டில், உடைந்த கால் தராசில். ஒரு விஷயம் சீக்கிரமே தெரிந்தது. மெதுவாக வைத்தால் பதினைந்து காட்டுகிற அதே கால், தொப்பென்று வைத்தால் இருபத்திரண்டு காட்டியது. பாரம் உடம்பில் மட்டும் இல்லை, வைக்கிற விதத்திலும் இருந்தது.

கம்பெனி வாசல்களில் அட்டைப்பெட்டி பொறுக்கி வந்து பல வருடமாக இங்கேயே எடைக்குப் போடும் முத்தம்மா, தன் மூட்டையோடு காத்திருந்தபடி வம்பிழுத்தாள்.

“இன்னா நைனா, உன்னயே காயலான்ல போட வந்துட்டியா?”

“உள்ள ராடு கீதுக்கா. நல்ல ரேட்டு வரும்.”

குணசுந்தரியும் சிரித்தாள். ஆனால் அவளுக்குள் ஒரு முள் இருந்தது. அந்தத் தராசு பத்துக்கு ஒன்பதுதான் காட்டும். பத்து கிலோ போடுகிறவர்களுக்கு ஒன்பது கிலோவுக்குத்தான் காசு போகும். நான்கு வருடம் முன்பு அவள்தான் மெக்கானிக்கிடம் சொல்லி அப்படி வைத்தாள். அந்த ரோட்டில் எல்லாக் கடையிலும் அப்படித்தான் என்பதால் அதைப் பாவமென்று அவள் நினைத்ததில்லை. இப்போது அதன் மேல் ஒரு மனிதனின் எலும்பு இருந்தது.

முதல் வாரம் வாயைத் திறக்கவில்லை. முப்பது கிலோ வாரம் வந்ததும், இருபத்தேழிலேயே நிறுத்தச் சொன்னாள். மேடம் முப்பது சொன்னார்களே என்றான். இங்கே தான் சொல்வதைக் கேட்கும்படி அதட்டினாள். அக்கா பாசத்தில் சொல்கிறாள் என்று நினைத்து அவன் கேட்டுக்கொண்டான். அதுதான் அவளை அதிகம் சுட்டது.

அமாவாசையன்று திருவள்ளூர் வீரராகவர் கோயிலுக்குப் போனாள். நோய் கரையட்டும் என்று எல்லோரும் செய்வதுபோல், லோகுவின் பெயரைச் சொல்லிக் குளத்தில் வெல்லம் கரைத்தாள். விரல்களுக்கிடையே வெல்லம் இளகும்போது வெட்கமாக இருந்தது. தன் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் தீரக்கூடியதைப் பெருமாள் தலையில் ஏற்றுகிறோமே என்று தோன்றியது. சந்நிதிக்குள் போகாமல் அப்படியே திரும்பினாள்.

அதற்குள் நாற்பத்தைந்து கிலோ வாரம் தொடங்கிவிட்டிருந்தது. அன்று காலை கடையில் குணசுந்தரி இல்லாததால், மனைவி ஜெனிபர் தாங்கிப் பிடிக்க, லோகு நாற்பத்தைந்து முழுதாக வரும்வரை அழுத்திவிட்டுப் போயிருந்தான். சாயங்காலம் கால் வீங்கிவிட்டது என்று ஏஞ்சல் வந்து சொன்னாள்.

குணசுந்தரி அவர்கள் வீட்டுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

“தராசு பொய் சொல்லுது லோகு. பத்து வெச்சா ஒம்போதுதான் காட்டும். நான்தான் அப்டி வெக்க சொன்னேன். நீ இன்னிக்கு அம்பது வெச்சிட்ட.”

ஜெனிபர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். லோகு வீங்கிய காலிலிருந்து நிமிர்ந்தான்.

“அதான் இருபத்தேழுன்னியா?”

“ஆமா.”

“அப்போ போன வாரம் பூரா கரெக்டா முப்பது வெச்சிகினு இருந்தேன்,” என்றான். கோபம் இல்லை, கணக்குப் போட்டுப் பார்த்த நிம்மதிதான் இருந்தது.

மறுநாள் அவளும் ஆஸ்பத்திரிக்குப் போய், ஏஞ்சலை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எக்ஸ்ரேயில் எலும்பு விலகவில்லை. உடைந்த இடத்தைச் சுற்றிப் புது எலும்பு வெண்மேகம்போல் படர்ந்திருந்தது. நான்கு நாள் ஓய்வெடுத்துவிட்டுத் தொடரச் சொன்னார்கள்.

அன்று மதியமே தராசு மெக்கானிக் மணிகண்டனை வரவழைத்தாள். இந்த ரோட்டில் ஒருத்தி மட்டும் சரியாக வைத்தால் கடை ஓடாது என்று அவன் எச்சரித்தான். அவள் இருபது கிலோ இரும்புக்கல்லைத் தராசில் வைத்து, இருபது என்று காட்டும்வரை அவனை விடவில்லை.

ஒன்றாம் தேதி லோகு லேசாக விந்தியபடி, கோல் இல்லாமல் வேலைக்கு நடந்தான். தராசு விஷயத்தை அவன் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. ஜெனிபர் மட்டும் இன்னும் சரியாகப் பேசவில்லை. ஆனால் அன்று காலை ஏஞ்சலிடம் ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தனுப்பியிருந்தாள்.

சற்று நேரத்தில் முத்தம்மா வந்தாள். மூட்டையைத் தராசில் இறக்கிவிட்டு, கடைக்குள் மூலையிலிருந்த பானையில் தண்ணீர் மொள்ளப் போனாள். பதினான்கு காட்டியது. ரோட்டில் யாரும் இல்லை. குணசுந்தரி செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கட்டைவிரலைத் தராசின் விளிம்பில் வைத்து, மெதுவாக, மிக மெதுவாக அழுத்தினாள். பதினைந்து. பதினைந்தரை. பதினாறு. அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

“பதினாறு,” என்று முத்தம்மாவுக்குக் கேட்கும்படி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.