குடைக்குக் கீழே எல்லைக்கல்

1

இந்தக் கதை ஒரு நீதிபதி உட்கார்ந்த இடத்திலிருந்து பிறந்தது. உருவகம் என்று நினைத்துவிடாதீர்கள். உருவகம் வரும் வயதெல்லாம் போய், இப்போது எனக்கு முட்டிவலிதான் வருகிறது. அவர் நிஜமாகவே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். நான் எதிரே ஒரு தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் தட்டச்சு இயந்திரத்தை வைத்துக்கொண்டு குத்தவைத்திருந்தேன். அந்தக் கல்லைத்தான் அன்று நாங்கள் எல்லோரும் தேடிக்கொண்டிருந்தோம்.

(என் மனைவி இதுவரை படித்துவிட்டுச் சொன்னாள்: "கடைசியில சொல்ல வேண்டியதை மொதல் பத்தியிலயே கொட்டிட்டீங்க." உண்மைதான். முப்பத்தெட்டு வருஷம் கோர்ட்டில் பிறர் சொல்லச் சொல்ல அடித்தவன் நான். எதை முன்னால் வைப்பது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. திரும்ப ஆரம்பிக்கிறேன்.)

2

முதல் தொடக்கம்: "வைகறையின் பொன்னொளியில் சந்தை மெல்லக் கண்விழித்தது…" வேண்டாம். சந்தை கண்விழிக்காது. கண்விழிப்பது வெங்காயக்காரி. அவளும் பொன்னொளிக்கு ஒரு மணி நேரம் முன்பே.

இரண்டாம் தொடக்கம்: "மேற்படி வழக்கின் வாதியாகிய நகராட்சியானது, பிரதிவாதியாகிய ஊராட்சியின் மீது…" இதுவும் வேண்டாம். இப்படி ஆரம்பித்த எதையும் நானே இரண்டாம் பக்கத்துக்கு மேல் முழித்துக்கொண்டு அடித்ததில்லை.

மூன்றாவது: ஒரு சந்தை இருந்தது. அதற்கு மேற்கே நகராட்சி, கிழக்கே ஊராட்சி. இரண்டுக்கும் இடையில் ஓர் எல்லைக்கல். கல்லுக்கு மேற்கே கடை போட்டால் நகராட்சி கட்டணம் வாங்கலாம். கிழக்கே போட்டால் ஊராட்சி வாங்கலாம். இவ்வளவுதான் சட்டம். இது புரியாமல் போகக் காரணம் வேண்டுமென்றால் இரண்டு தலைவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்காளைக் கட்டியவர் நகராட்சித் தலைவர். தங்கையைக் கட்டியவர் ஊராட்சித் தலைவர். மாமனார் வீட்டில் யாருக்கு முதலில் நாற்காலி போட்டார்கள் என்பதில் தொடங்கிய வழக்கு இது. கோர்ட்டுக்குச் சந்தை என்று பெயர் சொல்லிக் கொண்டுவந்தார்கள்.

இந்தத் தொடக்கம் பரவாயில்லை. வைத்துக்கொள்வோம்.

3

இப்போது வெங்காயக்காரி. இவள்மீது எனக்கே சந்தேகம் இருக்கிறது. இப்படி ஒருத்தி இருக்க முடியுமா என்று நீங்கள் கேட்பீர்கள். நான் தினமும் பார்த்தும் கேட்டிருக்கிறேன்.

அவளிடம் ஒரு குடை இருந்தது. பத்துப் பேர் படுத்துத் தூங்கலாம், கால் நீட்டி. ஒருநாள் அடித்த காற்றில் அந்தக் குடை கிளம்பி, அவளையும் ஒரு மூட்டை வெங்காயத்தையும் தூக்கிக்கொண்டு போய் அஞ்சல் அலுவலக மொட்டை மாடியில் இறக்கியது. அவள் அங்கேயே இரண்டு கிலோ விற்றுவிட்டுப் படியிறங்கி வந்தாள்.*

கனமாக ஏதாவது கட்டினால்தான் குடை நிற்கும் என்று அன்று முடிவு செய்தாள். சந்தை நடுவில் ஒரு கல் வேலை வெட்டி இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. பிடுங்கினாள், குடைக்காம்பை அதில் கட்டினாள்.

அதோடு விட்டிருந்தால் கதை இல்லை. காலையில் வியாபாரம் சந்தையின் கிழக்கு ஓரத்தில், பேருந்து நிறுத்தத்தருகே. நாலு மணிக்கு மேல் மேற்கு ஓரத்தில், ஆலை விட்டு வருகிறவர்களிடம். மத்தியானம் நடுவில். ஆகவே கல்லும் காலையில் கிழக்கே, மத்தியானம் நடுவே, சாயங்காலம் மேற்கே. காலால் உருட்டுவாள். பாதி வழியில் யாராவது விலை கேட்டால் ஒற்றைக் காலைக் கல்மேல் வைத்துக்கொண்டு எடை போடுவாள்.

*இதில் நான் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன். விற்றது ஒன்றரைக் கிலோதான்.

4

நகராட்சியின் நில அளவையர் காலையில் வேலை செய்கிறவர். கல் கிழக்கு ஓரத்தில் இருந்தது. சந்தை மொத்தமும் கல்லுக்கு மேற்கே. வரைந்தார், முத்திரை குத்தினார்.

ஊராட்சியின் நில அளவையர் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வேலை செய்கிறவர். கல் மேற்கு ஓரத்தில் இருந்தது. சந்தை மொத்தமும் கல்லுக்குக் கிழக்கே. அவரும் முத்திரை குத்தினார்.

இரண்டு பேரும் நேர்மையானவர்கள். ஒரே கல்லின் தலையில் ஆளுக்கொரு முறை சுண்ணாம்பால் அம்புக்குறி போட்டு, "கொஞ்சம் குடையைத் தூக்கிப் புடிம்மா" என்று அவளிடமே உதவியும் கேட்டிருக்கிறார்கள். அவளும் பிடித்திருக்கிறாள். அளக்கிறவர்கள் எதையாவது அளந்துகொண்டேதான் இருப்பார்கள் என்பது அவள் எண்ணம். வழக்கு கோர்ட்டுக்கு வருவதற்குள் இருவருக்கும் வெளியூருக்கு மாற்றல் ஆகிவிட்டது.

[இந்த இடத்தில் நீதியின் தன்மை குறித்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். மனைவி அந்தத் தாளில் வெந்தயம் மடித்துவிட்டாள். நல்லதுதான்.]

5

யாருக்கு இதில் என்ன போகிறது? இதைச் சொல்லாமல் எவ்வளவு தூரம் வந்துவிட்டேன் பாருங்கள்.

ஜெயித்தால் மூன்று மாடிக் கட்டடம் கட்டுவதாக நகராட்சி சொன்னது. ஜெயித்தால் மொத்த இடத்தையும் ஒரே ஆளுக்குக் குத்தகை விடுவதாக ஊராட்சி சொன்னது. எப்படியும் தரையில் சாக்கு விரித்தவர்கள் எழுந்து போக வேண்டும். ஆனால் வழக்கு முடியும்வரை எல்லாம் இருக்கிறபடியே இருக்க வேண்டும், யாரும் யாரையும் எழுப்பக் கூடாது என்று நீதிபதி ஒரு தடை போட்டிருந்தார். நான்தான் அடித்தேன். சந்தையில் அந்த உத்தரவை மீறியது ஒரே ஒரு கல்தான், தினம் மூன்று முறை.

ஆகவே வழக்கு முடியாதவரை வெங்காயக்காரிக்கு இடம் உண்டு. முடிந்தால் இல்லை. அவளுக்கு வேறு பிழைப்பும் தெரியாது.

6

வழக்கை முடித்தே தீர்வது என்று நீதிபதி நேரிலேயே கிளம்பி வந்தார். மத்தியான வெயில். இரு சகலைகளும் கூடவே வந்தார்கள்.

"ஐயா, கல்லு கெழக்கு ஓரத்துலதான் இருந்துச்சு. எங்க ஆளு கண்ணால பார்த்து வரைஞ்சிருக்கார்" என்றார் நகராட்சி.

"கண்ணாலதான் பார்க்க முடியும் சகலை, மூக்காலயா பார்ப்பாங்க? எங்க ஆளும் கண்ணாலதான் பார்த்தார். மேற்கு ஓரம்!"

"கோர்ட்டு வேலை நடக்கும்போது சகலைன்னு கூப்பிடாதே."

"சரிங்க சகலை."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். வெங்காயக்காரி கூப்பிட்டாள். "ஐயா, இப்படி நெழலுக்கு வாங்க. அந்தக் கல்லுல உக்காருங்க, ஆடாது."

உட்கார்ந்தார். நல்ல சௌகரியம் போலிருக்கிறது; அரைக் கிலோவும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "அந்தக் கல்லு எப்படி இருக்கும்னு வரைபடத்துல போட்டிருக்குமே, சத்தமா படிய்யா. தேடுறவங்களுக்குத் தெரியட்டும்" என்றார்.

படித்தேன். "முழங்கால் உயரம். நான்கு பக்கமும் செதுக்கியது. தலையில் அம்புக்குறி. பக்கவாட்டில் பதினேழு என்ற எண்…"

எண் என்று வாய் சொல்லும்போது கண் அதைப் பார்த்துவிட்டது. நீதிபதியின் இரண்டு செருப்புக்கும் நடுவில், பதினேழு.

தராசு நின்றது. நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். 

"ஐயா… அந்தக் கல்லை யாராச்சும் தெரியாம நகர்த்தியிருந்தா என்ன பண்ணுவீங்க?"

"தெரிஞ்சு என்ன, தெரியாம என்ன? எல்லைக்கல்லுல கை வெச்சா ஜெயிலுதாம்மா."

"கை வெச்சாத்தானே?" தன் கால்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். "ஒரு கால் கிலோ சேர்த்துப் போடட்டுங்களா?"

சகலைகள் ஆளுக்கொரு ஓரத்தில் புல்லை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீதிபதி என்னிடம் கேட்டார்: "உன் கண்ணுல ஏதாவது பட்டுச்சாய்யா?"

இந்த இடத்தில் ஒரு கதாநாயகன் எதையாவது செய்வான். நான் மைநாடாவைச் சரி செய்தேன். "ஐயா சொல்றதை அடிக்கிறதுதாங்க என் வேலை."

"அப்ப அடி. 'எல்லைக்கல் நீதிமன்றத்தின் பார்வைக்குத் தென்படவில்லை.'"

அடித்தேன். அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. தான் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்பது யார் பார்வைக்கும் தென்படுவதில்லை.

அவர் எழுந்து நடந்தார். கால்சட்டையின் பின்புறத்தில் வெள்ளையாக ஓர் அம்புக்குறி, வானத்தைப் பார்த்தபடி. அதன் பின்னால் இரண்டு சகலைகளும், வக்கீல்களும், நானும், கடைத்தெரு முழுக்க ஊர்வலமாகப் போனோம். சொல்ல ஒருவருக்கும் தைரியம் இல்லை.

7

அதற்குப் பிறகு மறு அளவை, அதற்கு ஆட்சேபம், அதற்கு மேல்முறையீடு. பன்னிரண்டு வருஷம் ஆகியும் வழக்கு முடிந்தபாடில்லை. அந்த நீதிபதியும் ஓய்வு பெற்றார், நானும் பெற்றேன். சும்மா இருக்க முடியாமல் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதினால் முடிவு வேண்டுமாமே.

முடிவு ஒன்று: நகராட்சி ஜெயிக்கிறது. வெங்காயக்காரிக்கு மூன்றாவது மாடியில் கடை. மூட்டையோடு ஏறுகிறாள், மூச்சு வாங்க…

முடிவு இரண்டு: ஊராட்சி ஜெயிக்கிறது. குத்தகைக்காரர் வந்து குடையை…

முடிவு மூன்று, இருப்பதிலேயே பயங்கரமானது: சகலைகள் சமாதானமாகிவிடுகிறார்கள்.

மூன்றையும் எழுதி முடிக்குமுன் வெளிக்கதவு சத்தம் கேட்டது. வெங்காயக்காரிதான். மனைவி காய்கறிக்காரர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"டைப்பு அண்ணே, என்னமோ முடிவு எழுதுறீங்களாமே?"

"கதைதாம்மா. சும்மா."

"கதையாவது ஒண்ணாவது. நீங்க அடிச்சது எது நடக்காம போயிருக்கு? என் கொழுந்தனுக்கு ஆறு மாசம்னு அடிச்சீங்க, ஆறு மாசம் உள்ள இருந்தான். எதிர் வீட்டுச் சுவரை இடிக்கணும்னு அடிச்சீங்க, இடிச்சாங்க. யாரையும் எழுப்பக் கூடாதுன்னு அடிச்சீங்க, இன்னைக்கு வரைக்கும் ஒரு பய என்னை எழுப்பலை. இப்ப முடிஞ்சுதுன்னு அடிச்சா?"

"அதெல்லாம் நீதிபதி சொன்னது. நான் வெறும் விரலு."

"நீதிபதி வாயால சொன்னாரு. வாயால சொன்னது காத்தோட போயிருக்கும். அடிச்சது யாரு?"

உள்ளே இருந்து மனைவி சொன்னாள்: "அவ கேக்குறது நியாயமாத்தானே இருக்கு?"

முப்பத்தெட்டு வருஷம் கோர்ட்டில் இருந்தும், என் பேச்சுக்கு ஆட்சேபம் வந்து அது உடனே ஏற்கப்பட்டது அன்றுதான்.

8

ஆக, மூன்று முடிவுகளையும் பாதியில் நிறுத்திவிட்டேன், மேலே பார்த்திருப்பீர்கள். இனி உங்கள் பொறுப்பு. நீங்களாக மனசுக்குள் ஒரு முடிவைப் போட்டுக்கொள்ளப் பார்ப்பீர்கள், தெரியும். போடாதீர்கள். எத்தனை பேர் போட்டால் நடக்கும் என்று எனக்குத் தெரியாது, எதற்கு வம்பு? யாராவது கேட்டால் பாதி படித்திருப்பதாகச் சொல்லுங்கள். சகலைகள் கண்ணில் இந்தத் தாள் பட்டால், அது வெங்காயம் இல்லை பூண்டு, கல் இல்லை இரும்புக்குண்டு, நான் கோர்ட்டிலேயே இருந்ததில்லை என்று சொல்லிவிடுங்கள். நானும் அப்படியே சொல்வேன்.

பத்திரிகைக்குக் கடைசி வரி இல்லாமல் அனுப்பக் கூடாதாம். அதனால் ஒன்று அடித்துப் பார்க்கிறேன். "ஆகவே மேற்படி சந்தை நிலம் இனி யாருக்குச் சொந்தம் என்றால்…"

"அண்ணே." வாசலில் அவள். "முடிஞ்சிருச்சா?"

"இல்லம்மா. கடைசி வரியில நிக்குது."

"நிக்கட்டும். நாலு மணி ஆச்சு, நான் போய்க் கல்லை உருட்டணும்."